மூலநிரலைக் கட்ட ஒரு தனிச் சூழல்

கேள்வி: திறமூல மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்ட முயன்றால், நூலகம் இல்லை என்ற பிழையே வருகிறது. எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் ஈல்கோ டோல்ஸ்ட்ரா தொடங்கிய ‘நிக்ஸ்’ என்ற தொகுப்பு மேலாளர் கைகொடுக்கும்.

அதன் ‘நிக்ஸ்-ஷெல்’ கட்டளை மென்பொருளை நிறுவாது. அதைக் கட்டத் தேவையான கம்பைலர், நூலகங்கள், சூழல் மாறிகள் அனைத்தையும் திரட்டி ஒரு ஷெல்லைத் திறந்து தரும். மூலநிரலை விரிப்பது, அமைப்பது, கட்டுவது, சோதிப்பது என ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே இயக்கலாம். எங்கே முறிகிறதோ அங்கேயே நிரலைத் திருத்தி, அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடி ஓட்டலாம். தேவைகள் யாவும் ‘நிக்ஸ் ஸ்டோர்’ என்ற அடைவில் தனியே இருப்பதால், கணினியில் ஏற்கெனவே உள்ளவை கலையாது.

கணினியின் பிற நிரல்களும் இந்த ஷெல்லில் தெரியும். அவற்றை மறைக்க ‘ப்யூர்’ தெரிவைச் சேர்க்க வேண்டும். முதலில் ‘ஹலோ’ என்ற சிறிய தொகுப்பில் பழகுங்கள்.