அப்டேட் பாதியில் நின்றால்...

குழுக் கணக்கு இருக்கிற கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் பாதியில் நிற்கிறதா? பயந்துபோய் ஒயரைப் பிடுங்காதீங்க. பிடுங்கினால் கம்ப்யூட்டரே திறக்காமல் போகலாம். சதவீதம் நகராவிட்டாலும் ஓரிரு மணி நேரம் பொறுங்க. பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

திறந்ததும் முதல் வேலை, கணக்கு ஃபைலைப் பென் டிரைவில் காப்பி எடுப்பதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்டேட் பக்கத்தில் 70070 என்று முடியும் எண் இருந்தால் சி டிரைவில் இடம் போதவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று வரிசையாகப் போய் வேண்டாததை நீக்குங்க. அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அதை மட்டும் தொடாதீங்க. இறக்கி வைத்த பேங்க் ஸ்டேட்மென்ட், லோன் ஃபாரம் எல்லாம் அதோடு போயிடும்.

பிறகு ரீஸ்டார்ட் செய்து, கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து மறுபடி அப்டேட் கொடுங்க. லேப்டாப் என்றால் முடியும்வரை சார்ஜரைக் கழற்ற வேண்டாம்.