டிராக்டர் ஏன் திக்குகிறது?

இரவு நல்ல மழை. காலையில் நிலம் பதமாக இருந்தது. இன்றே உழுது விதைக்க வேண்டும். இரண்டு வெயில் அடித்தால் ஈரம் போய்விடும்.

வாடகை டிராக்டர் வந்தது. பழைய வண்டி. சாலையில் நன்றாகத்தான் வந்தது. கலப்பையை மண்ணில் இறக்கியதும் திக்கியது. பத்தடி போனது. நின்றுவிட்டது.

"என்ன தம்பி, இப்படி நின்னு நின்னு போகுது?"

"பழைய வண்டிக்கா. டவுனுக்குப் போய் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரணும்."

"அவர் வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். புகை என்ன நிறத்துல வந்துச்சு, பாத்தியா?"

"புகையே சரியா வரலேக்கா."

"அப்போ டீசல் போகலை. வா, டேங்குல இருந்து பாப்போம்."

அக்கா கேட்டது சரியான கேள்வி. அது ஏன் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை போர்டு 8என் என்ற டிராக்டர் வந்தது. அது பெட்ரோலில் ஓடும். நம் நாட்டு டிராக்டர்கள் டீசலில் ஓடுபவை. டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப் சூடாகிறது அல்லவா? அதே கதைதான். இன்ஜின் காற்றை 16 மடங்குக்கும் மேல் அழுத்துகிறது. காற்று கொதிக்கிறது. அதில் நாசில் டீசலைத் தூவுகிறது. டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே இன்ஜின் திக்கினால் முதலில் டீசலையும் காற்றையும் பாருங்கள். எது குறைகிறது என்பதைப் புகை சொல்லும். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது பாரம் அதிகம். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெண்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. குளிர்ந்த இன்ஜினில் சிறிது நேரம் வெண்புகை வரலாம். புகை இல்லாமலே இன்ஜின் ஓய்ந்தால் டீசல் வந்து சேரவில்லை.

டேங்கின் மூடியில் ஒரு சிறு துளை உண்டு. டீசல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். தூசி அடைத்தால் டீசல் இறங்காது. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வந்தால் துளை அடைத்திருக்கிறது. ஓர் ஊசி போதும். இதற்கு மெக்கானிக்குக் கூலி கொடுத்தவர்களும் உண்டு!

அடுத்தது தண்ணீர். அரை டேங்க் டீசலுடன் இரவில் வண்டியை நிறுத்துகிறோம். காலி இடத்தில் உள்ள காற்றின் ஈரம் குளிரில் நீராகிறது. தண்ணீர் டீசலை விடக் கனமானது. அடியில் தங்கும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பில்டரின் அடித் திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். சிறிது நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். மாலையிலேயே டேங்கை நிரப்பினால் இந்தத் தொல்லை குறையும். காகித பில்டரைக் கழுவி மறுபடி போடாதீர்கள். மாற்றிவிடுங்கள்.

அக்காவின் நிலத்தில் நின்ற வண்டிக்கு இந்தக் குறைகள் இல்லை. அங்கே கோளாறு டீசல் ஹோஸில் இருந்தது. டேங்கிலிருந்து வரும் ஹோஸின் நுனி வெடித்திருந்தது. கிளிப் தளர்ந்திருந்தது. டீசல் ஒழுகவில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கம் அது. ஆகவே டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போனது. இதைத்தான் 'ஏர் பிடித்துவிட்டது' என்கிறோம்.

டிரைவர் வெடித்த நுனியை வெட்டினார். மிச்சத்தை மாட்டிக் கிளிப்பை இறுக்கினார். பிறகு காற்றை எடுத்தார். எப்படி?

முதலில் இன்ஜினை நிறுத்த வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக் போட வேண்டும். பக்கத்தில் பீடி கூடாது. பில்டரின் மேல் உள்ள ஏர் திருகைச் சிறிது தளர்த்துங்கள். கை பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும். நுரையும் குமிழியும் நின்று, தெளிந்த டீசல் வரும் வரை அடியுங்கள். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். பெரிய பம்பில் உள்ள ஏர் திருகிலும் இதேபோல் செய்யுங்கள். சில வண்டிகளில் கை நெம்புகோல் கனமில்லாமல் ஆடும். டீசல் வராது. அப்போது இன்ஜினைச் சிறிது சுற்றவிட்டு மறுபடி அடித்தால் வரும்.

இதற்கு மேல் நாசில் பக்கம் கை வைக்க வேண்டாம். லாரி டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 அல்லது 8 கிலோ. நாசிலில் டீசலின் அழுத்தம் 150 கிலோவுக்கும் மேல். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலை எடுக்கும்படி ஆகலாம்.

கரும்புகை வந்தால் ஏர் கிளீனரைத் திறங்கள். பழைய வண்டிகளில் அதன் அடிக்கிண்ணத்தில் ஆயில் இருக்கும். தூசி அதில் படியும். ஆயில் சேறாகியிருந்தால் கொட்டிவிட்டு, கிண்ணத்தைத் துடைத்து, கோடு வரை புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் அதையும் இன்ஜின் இழுத்துவிடும். புழுதி உழவுக் காலத்தில் தினமும் பார்க்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் திக்கினால், அது மெக்கானிக் வேலை.

செய்து பாருங்கள்

1. டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வருவது ஏன்?

2. ஹோஸ் வெடித்திருந்தும் டீசல் ஏன் ஒழுகவில்லை?

3. உங்கள் ஊர் டிராக்டரின் மணி மீட்டரைப் பாருங்கள். பில்டர் மாற்றிய தேதியையும் மீட்டர் காட்டும் மணியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.