தேம்ஸ் ஆற்றுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ வாங்கிய தூண்டில் தடியின் படத்தை உன் அப்பா அனுப்பியிருந்தார். நல்ல தடிதான். ஆனால் அது 6 அவுன்ஸ் ஈயத்தைத் தூரக் கடலுக்குள் எறியச் செய்த தடி. பனிக்காலத்தில் திறந்த கடற்கரையில் நின்று கொட் மீன் பிடிக்கிறவர்களுக்கு அது வேண்டும். தேம்ஸ் கரையிலுள்ள கிரேவ்சென்டில் பிளவுண்டர் பிடிக்க உனக்கு அது உதவாது. கடைக்காரர் மாற்றித் தருவார் என்றால் கெதியாய் மாற்று.

பிளவுண்டர் எங்கள் நாக்கு மீனைப் போலத் தட்டை மீன். அகலம் மட்டும் கூட. வற்றுக்கு ஆழத்தில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். பெருக்கு ஏறத் தொடங்கினால் தண்ணீரோடு சேர்ந்து கரைப்பக்கம் ஏறும். இரண்டு சாண் தண்ணீர் நிற்கிற சேற்றில்கூட வந்து மேயும். புழு, குட்டி நண்டு, சின்ன இறால் எல்லாம் அந்தச் சேற்றில்தானே இருக்கிறது! தண்ணீர் திரும்பினால் அதுவும் சேற்று வாய்க்கால் வழியே ஆழத்துக்கு இறங்கிவிடும். தூரத்தில் எறிகிறவன் மீனுக்கு மேலால் எறிகிறான். பத்து, இருபது மீற்றர் போதும். வற்று நேரத்தில் ஒருதரம் போய், சேற்றில் வாய்க்கால் எங்கே வளைகிறது, எங்கே பள்ளம் என்று வடிவாய்ப் பார்த்து வை. பெருக்கில் அந்த இடத்துக்குத்தான் இரையைப் போட வேண்டும்.

யாழ்ப்பாணக் கடலேரியில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றரைத் தொடாது. அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குத் தேம்ஸ் முதலில் பிடிபடாது. லண்டன் பிரிட்ஜ் அருகே பெரிய பெருக்கில் தண்ணீர் ஏறக்குறைய 7 மீற்றர் ஏறி இறங்குகிறது. அமாவாசையும் பூரணையும் கழிந்து ஓரிரு நாளில் இழுப்பு மிகவும் பலமாக இருக்கும். உன் சின்ன ஈயம் நிற்காமல் உருண்டு போய்விடும். அட்டமி கழிந்து நவமி, தசமி அளவில் ஓட்டம் தணியும். இலேசான தடிக்காரனுக்கு அதுதான் நாள். வீட்டில் தொங்குகிற தமிழ்க் கலண்டர் இதற்கு நன்றாக உதவும். நேரத்துக்கு மட்டும் லண்டன் துறைமுக அதிகார சபையின் அட்டவணையைப் பார். பெருக்கு நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். அடிவற்று முடிந்து இரண்டு மணித்தியாலத்தில் இரையைப் போடத் தொடங்கு. உச்சப் பெருக்கு வரை இருக்கலாம்.

தடி 9 அல்லது 10 அடி, நுனி நன்றாக மெலிந்து வளைவது. தங்கூசி 8 இறாத்தல். ஈயம் 1 அவுன்ஸ், ஓட்டம் கூடினால் 2. ஈயத்தைத் தங்கூசியில் வழுக்கி ஓடும்படி கோர்த்து, கீழே ஒரு சுழலி, அதிலிருந்து இரண்டடித் தங்கூசி, நீண்ட காம்புள்ள 1 அல்லது 2ஆம் நம்பர் முள். முள்ளுக்கு மேலே நிற மணி மூன்று கோர்த்துவிடு. இந்த மீன் கண்ணால் பார்த்து வருகிறது, அசைகிறதை விடாது. அதனால் இரையைப் போட்டுவிட்டுச் சும்மா இராதே. நிமிடத்துக்கு ஒருதரம் றீலை அரைச் சுற்றுச் சுற்று. ஈயம் சேற்றைக் கிளப்பும். அந்தக் கலங்கலைப் பார்த்துப் பக்கத்தில் கிடக்கிற மீன் எழும்பி வரும்.

இரைக்கு றாக்வேம் புழு நல்லது. ஓடு கழற்றப் போகிற நண்டு கிடைத்தால் அதைவிட நல்லது.

கடிக்கிற விதத்தைக் கவனி. நுனி இரண்டு மூன்று தரம் நடுங்கும், பிறகு ஒன்றும் இராது. மீன் புழுவின் வால்நுனியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே எடுக்கிற நேரம் அது. தடியை வெட்டி இழுத்தால் பாதிப் புழுதான் திரும்பி வரும். தங்கூசியைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்துப் பொறு. நுனி மறுபடியும் வளைந்து நின்றதும் தடியை ஆறுதலாய்த் தூக்கு. அதிகம் பொறுத்தாலும் முள்ளை அடித்தொண்டை வரை விழுங்கிவிடும். நீண்ட காம்பு அதைக் கழற்றத்தான். பெரிய தடியில் இந்த நடுக்கம் எதுவும் உன் கைக்குத் தெரியாது. நான் தடியை மாற்றச் சொல்வதற்கு முதற் காரணம் இதுதான்.

கரைக்கு வந்த மீனை நனைந்த கையால் பிடி. நடுக்கோட்டிலும் செட்டை அடியிலும் விரலை ஓட்டினால் சொரசொரக்கும். அதை வைத்து, பிளெய்ஸ் என்ற மற்றத் தட்டை மீன் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். கண் இரண்டும் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் உள்ளதும் நிறைய வரும். குஞ்சாக இருக்கும்போது எல்லா மீனையும் போல இருபக்கமும் கண்ணோடு நிமிர்ந்து நீந்தியதுதான். ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து வந்திருக்கிறது. கையில் வைத்து ஒரு கணம் பார். பார்க்க வேண்டிய படைப்பு அது.

பார்த்ததும் விட்டுவிடு. 1957இல் இந்த ஆறு செத்துப்போனது என்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சொன்னது. கழிவைச் சுத்திகரித்து ஒட்சிசனைத் திரும்பக் கொண்டுவந்த பிறகே மீன் வந்தது. 2021இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் அறிக்கை 115 வகை மீன் என்று சொல்கிறது. ஆனாலும் இது பெருநகரத்து ஆறு, இந்த மீன் அதன் சேற்றிலேயே படுத்துக் கிடக்கிறது. நான் சட்டிக்குக் கொண்டுபோவதில்லை. மாசி, பங்குனியில் அதைத் தேடவும் வேண்டாம்: முட்டையிடக் கடலுக்குப் போகும், திரும்பும்போது மெலிந்திருக்கும். புரட்டாதியிலிருந்து மார்கழி வரை கொழுத்த மீன். விலாங்கு மாட்டினால் கட்டாயம் விட வேண்டும், அது சட்டம்.

சேற்றில் மட்டும் கால் வைக்காதே, தம்பி. மேலே காய்ந்ததுபோல் தெரியும். முழங்கால் புதைந்த பிறகு பெருக்கு உனக்காக நிற்காது. உயிர்காப்பு அங்கி போடு. கப்பல் போனால் அதன் அலை கொஞ்சம் பிந்தித்தான் கரைக்கு வரும், படிகளில் நிற்காதே. ஆபத்தென்றால் 999 அடித்துக் கரையோரக் காவலைக் கேள். கிரேவ்சென்டில் 2002 முதல் உயிர்காப்புப் படகு நிலையம் இருக்கிறது. கை கழுவாமல் சாப்பிடாதே. எலிக்காய்ச்சல் ஊரில் மட்டும் வருகிற வருத்தம் இல்லை.

ஐப்பசி அட்டமி கழிந்து வருகிற ஞாயிறு நானும் வருகிறேன். ஈயம், மணி, முள் எல்லாம் என்னிடம் இருக்கிறது. புழுவை மட்டும் கடையில் முதல் நாளே சொல்லிவைத்து வாங்கு. பத்திரிகைக் கடதாசியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் வை. அம்மாவிடம் சொல்லிவிட்டு வை.

அன்புடன்,
பெரியப்பா