துவர்ப்பு தெரிந்தவனுக்கு

பிரிஞ்சாங்,
கேமரன் மலை.

அன்புள்ள மருமகனுக்கு,

கம்பெனி விருந்தில் ஒயின் பட்டியலை உன் கையில் கொடுத்ததையும், வாயில் நுழையாத பெயர்களைப் பார்த்துவிட்டு நீ அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளியதையும் எழுதியிருந்தாய். அதே வாரம் உன் அம்மா போன் போட்டு, "குடிக்கக் கூடாதுன்னு நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடம் காட்டு. ஒளிக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை.

அவள் பயம் வீண் பயமில்லை. நம் வீடுகளில் மது என்றாலே சம்பள நாள்தான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்தோடு சேர்ந்தே கள்ளுக்கடையும் வந்தது. அதற்குப் பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அந்தச் சம்சுவை எதிர்த்து எத்தனையோ ஆண்டுகள் எழுதிப் பார்த்தது. 2018 செப்டம்பரில்கூட, மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் செத்துப்போனார்கள். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்: விழும்வரை குடிக்கிறவர்கள், வாடையே ஆகாது என்கிறவர்கள். சாப்பாட்டோடு ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்து போகிற பழக்கத்தைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. வாடை ஆகாத கட்சியில் இருக்க விரும்பினால் தாராளமாக இரு, தண்ணீர் கிளாஸோடு உட்கார்ந்தால் யாரும் உன் சம்பளத்தைக் குறைக்கப் போவதில்லை. குடிப்பது என்று வைத்துக்கொண்டால் மேலே படி.

ஒயின் ஏதோ மரியாதையான குடி, பீர்தான் குடிகாரன் குடி என்ற எண்ணம் கோலாலம்பூரில் பலருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார். 320 மில்லி பீர் டின்னில், ஐந்து சதவீதம் என்றால், பன்னிரண்டு பதின்மூன்று கிராம் மதுசாரம். பதின்மூன்றரை சதவீத ஒயினை 150 மில்லி ஊற்றினால் பதினாறு கிராம். ஒரு பாட்டில் முழுவதும் எண்பது கிராம். இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடு. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. நான் குடிப்பது ருசிக்காக. மருந்து என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்வதில்லை. நம் குடும்பத்தில் சர்க்கரை வியாதி இருப்பது உனக்குத் தெரியும். மாத்திரை தொடங்கும் நாள் வந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாயும் வேண்டாம்.

இனி ருசிக்கு வருகிறேன். சிவப்பு ஒயினில் முதலில் கவனிக்க வேண்டியது துவர்ப்பு. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை ஒதுக்கிவிடுவார்கள். சிவப்புக்குக் கறுப்புத் திராட்சையைத் தோலும் விதையுமாக நாள் கணக்கில் ஊறவைத்து நொதிக்கவிடுவார்கள். நிறம் வருவதும் துவர்ப்பு வருவதும் அந்த ஊறலில்தான். டானின் டானின் என்று விருந்தில் பேசிக்கொள்கிறார்களே, அது இதுதான். தேயிலையில் இருப்பதும் அந்த இனத்துச் சரக்கே. நீ சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் கொழுந்து வாசனையில் வளர்ந்த பிள்ளை. பால் ஊற்றாத தேநீரை நேரம் கழித்துக் குடித்தால் நாக்கு எப்படி வறண்டு ஒட்டும், ஈறு எப்படி இறுகும் என்று உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எச்சிலில் உள்ள புரதத்தை அந்தத் துவர்ப்பு பிடித்து இழுப்பதால் வருவது அது. பாலை ஊற்றினால் பாலின் புரதம் முந்திக்கொள்கிறது, நாக்கு தப்பிக்கிறது. நன்றாகத் துவர்க்கும் ஒயினை ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு குடித்தால் கறியும் கொழுப்பும் அதே வேலையைச் செய்கின்றன. தனியாகக் குடிக்கும்போது முரடாக இருந்தது கறியோடு சேர்ந்ததும் வழிக்கு வந்துவிடும்.

நான் தேயிலை ஆலையில் ருசி பார்க்கிற மேசையில் நின்றவன். 140 மில்லி கொதிநீருக்கு 2.8 கிராம் தூள், ஆறு நிமிடம், பால் சீனி கிடையாது. கோப்பைக்கு எண் மட்டும்தான், எந்தத் தோட்டத்துத் தூள் என்று எழுதியிருக்காது. கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிடுவோம். காற்றும் சேர்ந்து போனால்தான் வாசனை தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கை எட்டும். ஒயின் ருசிக்கிறவர்கள் செய்வதும் அச்சு அசல் இதுதான். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதே, சுற்றிவிட்டு முகர இடம் வேண்டும். உறிஞ்சுகிற வேலையை வீட்டில் பழகு. விருந்து மேசையில் சத்தம் போட்டால் கோழிக்கறிக் குழம்பு குடிப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

உனக்கு முதல் வாய் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். பிடிக்காது. திராட்சை என்றாலே நம் நாக்கு இனிப்பைத்தான் எதிர்பார்க்கும். தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சையை நினைத்துக்கொண்டு கிளாஸை எடுக்கிறோம், அது வாயில் போட்டால் சர்க்கரைப் பாகு. ஒயினிலோ அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று மதுசாரமாக்கிவிட்டது. மிச்சம் இருப்பது புளிப்பும் துவர்ப்பும் வாசனையும். அதனால் துவர்ப்பு குறைந்த பக்கத்திலிருந்து தொடங்கு. பினோ நுவார், கிரெனாஷ், பிரான்சின் போஜொலே வட்டாரத்துக் கமே, இவையெல்லாம் அந்தப் பக்கம். நடுவில் மெர்லோவும் டெம்ப்ரனில்லோவும். கபெர்னே சோவினியோன் நன்றாக இறுக்கிப் பிடிக்கும். ஷிராஸ், சிரா என்று இரண்டு விதமாக எழுதியிருப்பது ஒரே திராட்சைதான். அது மிளகு வாசனைக்குப் பேர்போனது, நம் சமையலுக்கு அந்நியமாகத் தெரியாது.

பட்டியலைப் பார்த்து நீ மிரண்டதற்குக் காரணம், ஐரோப்பியப் பாட்டில்களில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, ஊர்ப் பெயர்தான் இருக்கும். சிவப்பு பர்கண்டி என்றால் பினோ நுவார். போர்தோ என்றால் கபெர்னேயும் மெர்லோவும் கலந்தது. ரியோஹா என்றால் பெரும்பாலும் டெம்ப்ரனில்லோ. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பட்டியல் திறந்துவிடும். ஆஸ்திரேலியா, சிலி, அர்ஜென்டினா பாட்டில்களில் திராட்சைப் பெயரையே போட்டுவிடுகிறார்கள்.

அர்ஜென்டினா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1853 வாக்கில் பிரான்சிலிருந்து அங்கே போன மால்பெக் என்ற திராட்சை, சொந்த ஊரில் கிடைக்காத பெயரை ஆண்டிஸ் மலையடிவாரத்து மெண்டோசாவில் சம்பாதித்தது. அங்கே உக்கோ பள்ளத்தாக்கில் பிரிஞ்சாங் உயரத்திலேயே கொடி வளர்க்கிறார்கள். உயரம் ஏற ஏற இரவில் குளிர் கூடும், காய் நிதானமாகப் பழுக்கும், வாசனை தங்கும். நம் மலைக் கொழுந்துக்கு மவுசு வந்த கதையும் கிட்டத்தட்ட இதுவே. பிறகு ஏன் நம் மலையில் ஒயின் திராட்சை இல்லை என்று கேட்பாய். இங்கே ஓயாத மழை, கொடி இலை உதிர்த்துத் தூங்குவதற்கு ஒரு பனிக்காலம் கிடையாது, பூஞ்சை விடாது. ஸ்ட்ராபெரிக்கே கூடாரம் போட வேண்டியிருக்கிறது.

ஆனால் குடிப்பதற்கு இதைவிட நல்ல ஊர் மலேசியாவில் இருக்குமா என்பது சந்தேகம். சிவப்பு ஒயினை அறையின் சூட்டிலேயே குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது ஐரோப்பியக் கல்வீட்டுக் கணக்கு, 16 முதல் 18 டிகிரி. நம் வீட்டில் மாலை ஏழு மணிக்கு மேசைமேல் வைத்த பாட்டில் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும். உன் பெட்டாலிங் ஜெயா அடுக்குமாடியில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் மதுசார வாடை மட்டும் மூக்கில் ஏறும், ருசி கொழகொழத்துப்போகும். குடிப்பதற்கு அரைமணி நேரம் முன்னால் குளிர்சாதனப் பெட்டியில் வை. துவர்ப்பு குறைந்த ரகமானால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். சிவப்பு ஒயினைக் குளிரவைக்கலாமா என்று யாராவது புருவம் உயர்த்தினால், உயர்த்தட்டும்.

மிளகாய் விஷயத்தில் கவனம். மதுசாரம் காரத்தின் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பும் சேர்ந்தால் வாய் பற்றிக்கொள்ளும். காரமான குழம்புக்கு 13 சதவீதத்துக்குக் கீழான, மென்மையான ஒயினைக் குளிரவைத்துக் கொடு. மிளகு போட்டுச் சுருளச் சுருள வறுத்த ஆட்டுக்கறிக்கு மால்பெக்கோ ஷிராஸோ நிற்கும். பிரிஞ்சாங்கில் ஸ்டீம்போட் சாப்பிடப் போனால், தெளிந்த சூப்புக்குப் பினோ நுவார் பரவாயில்லை, தொம்யாம் சூப்பென்றால் தேநீரே மேல். மீன் குழம்புக்குச் சிவப்பு வேண்டவே வேண்டாம். ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனோடு சேர்ந்து கவிச்சி வாடையைக் கிளப்பிவிடும்.

விலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2016 மார்ச்சில் கலால் வரியை மாற்றியபோது, ஒயினுக்கு ஒரு லிட்டர் தூய மதுசாரத்துக்கு 150 வெள்ளி என்று வைத்தார்கள். அந்த வரி சரக்கின் தரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பாட்டிலில் இருப்பது சுமார் 100 மில்லி மதுசாரம், ஆக அன்றைய கணக்கில் 15 வெள்ளி வரி. நாற்பது வெள்ளிப் பாட்டிலுக்கும் அதே வரி, நானூறு வெள்ளிப் பாட்டிலுக்கும் அதே வரி. நாற்பதில் வரி, கண்ணாடி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் போனால் உள்ளே இருக்கும் ஒயினுக்கு என்ன மிஞ்சும்? எழுபது எண்பது வெள்ளிக்கு ஏறினால் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி ஒயினுக்கே போகிறது. நூற்றைம்பதைத் தாண்டினால் பெயருக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறாய். மாதம் ஒரு நல்ல பாட்டில் வாங்கு, வாரம் ஒரு மட்டமான பாட்டில் வாங்காதே. உன் அம்மாவுக்கும் இந்தக் கணக்கு பிடிக்கும்.

குளிரூட்டி இல்லாத கடையில், வெயில் விழுகிற அலமாரியில் நிற்கும் பாட்டிலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதே. கார்க் மேலே பிதுங்கியிருந்தாலோ கழுத்தில் கசிந்த கறை இருந்தாலோ சூட்டில் வெந்த சரக்கு. திருகு மூடி மட்டம் என்பது பழைய பேச்சு, சீக்கிரம் குடிக்கிற ஒயினுக்கு அதுவே நல்லது. திறந்ததும் ஈரத்தில் ஊறிய அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கெட்டுப்போயிருக்கிறது. உணவகத்தில் முதலில் கொஞ்சம் ஊற்றி உன் முகத்தைப் பார்ப்பது இதற்காகத்தான். பிடித்திருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை, கெட்டிருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். கெட்டிருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடு. மீந்த பாட்டிலை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், அதனால் முடித்தே தீர வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

நிபுணர்களைக் கண்டு மிரளாதே. பிரெடெரிக் புரோஷே என்ற போர்தோ ஆய்வாளர், வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார். 2001-இல் வெளிவந்த ஆய்வு அது. சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வர்ணனைகளையெல்லாம் அந்த வெள்ளைக்கே சொன்னார்கள். கண் பார்த்துவிட்டால் நாக்கு அதற்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. எங்கள் மேசையில் கோப்பைக்கு எண் மட்டும் எழுதியதும் இதனால்தான். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து மூன்று விலையில் மூன்று பாட்டில் வாங்கி, பழைய மக்கள் ஓசை நாளிதழ்த் தாளைச் சுற்றி எண் போட்டு, ஆளுக்கு இரண்டு வாய் ருசித்து எழுதிவையுங்கள். துப்புவதற்கு ஒரு சட்டியும் வையுங்கள், ருசி பார்க்க விழுங்க வேண்டிய அவசியமில்லை. எது பிடித்தது என்று தெரிந்த பிறகு தாளைப் பிரியுங்கள். முஸ்லிம் நண்பர்கள் வருகிற நாளில் பாட்டிலை வெளியே எடுக்காதே, அவர்களுக்குச் சமைக்கிற சட்டியிலும் ஒயின் படக் கூடாது.

தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா, ஒரு மால்பெக்கும் ஒரு கிரெனாஷும் வாங்கி வா, பிரட்டல் என் பொறுப்பு. தாப்பாவில் பசியாற நிறுத்தும்போது பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிடாதே, வெயிலில் வெந்துவிடும். கிளாஸைத் தொட்ட பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் முதல் தடவைக்கே பத்தாயிரம் வெள்ளிக்குக் குறையாத அபராதம், இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. அந்தத் தாப்பாச் சாலை வளைவுகளுக்குச் சட்டமும் தேவையில்லை. இரவு தங்குவதற்குப் பின்கட்டு அறையைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டேன். அம்மாவையும் கூட்டி வா, அவளுக்குத் தேநீர் நானே போடுகிறேன்.

அன்புடன்,
மாமா