கணிப்பொறி கண் திறவாவிடில்: சங்கப் பணியாளருக்கு ஒரு பாடம்

நம் சங்கங்களின் கணக்கு பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு மாறிவருவதை அங்கத்தினர் யாவரும் அறிவர். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-இல் 2,516 கோடி ரூபாய் மதிப்பில் இசைவளித்தது. அத்திட்டத்தின் பொதுக் கணக்கு மைய யந்திரத்தில் தங்குவது. எனினும், சங்கத்துக் கணிப்பொறியிலேயே கிடக்கும் பழைய பட்டியல்களும் கடிதங்களும் இன்னும் ஏராளம்.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பை வேண்டுகிறது. பழைய யந்திரங்கள் பலவற்றில் அது இல்லை. ஆகவே, சில சங்கங்கள் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைக்கு மாறுகின்றன. மாற்றிய மறுநாள் யந்திரம் திறக்க மறுத்தால் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதே இப்பாடம்.

சிறுவாச்சூர்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றுக்கு நாம் ஆய்வுக்குச் சென்றது ஒரு திங்கட்கிழமை. மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும் நாளாதலால் சாலையெங்கும் கூட்டம். சங்கத்திலும் கூட்டந்தான், ஆனால் அங்கே நின்றவர்கள் உரத்திற்குப் பட்டியல் போட வந்த சின்ன வெங்காயக் குடியானவர்கள். கணிப்பொறியோ கருந்திரையில், துவக்கத்தக்க வட்டு இல்லை என்ற ஒரே வரியைக் காட்டி நின்றது. “ஐயா, மாலையில் ஓடுகிறது, காலையில் மறுக்கிறது” என்றார் செயலாளர். புதிய இயங்குதளத்தை இருமுறை நிறுவியாயிற்றாம். மூன்றாம் முறை வட்டை முழுதும் அழித்து நிறுவ இளைஞர் ஒருவர் பென் டிரைவுடன் வந்திருந்தார். சற்றுப் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டோம்.

புதுப் பாவு பிணைத்தபின் தறி ஓடாவிட்டால் நெசவாளர் பாவை அறுத்தெறிவதில்லை; எந்த விழுதில் இழை தவறிற்று என்று பார்க்கிறார். கணிப்பொறிக்கும் அதுவே முறை. அது படிப்படியாக விழிக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் முதலில் எழுகிறது. அது நினைவகத்தையும் வட்டையும் சோதித்துத் துவக்கியைத் தேடுகிறது. துவக்கி இயங்குதளத்தின் கருவை ஏற்றுகிறது. பின்னரே நாம் காணும் முகப்பு வருகிறது. எப்படியில் நின்றது என்பதைத் திரையே சொல்லிவிடும். தயாரிப்பாளர் சின்னமே தோன்றாவிடில் குற்றம் மின்சாரத்திலோ நினைவகத்திலோ திரையின் கம்பியிலோ இருக்கும். புதிய இயங்குதளத்தைப் பழிப்பதில் பயனில்லை. இயங்குதளத்தின் சின்னம் வந்தபின் நின்றால் வட்டும் துவக்கியும் பெரும்பாலும் நலமே. இரண்டிற்கும் இடையில் நின்றால்தான் இங்கு சொல்லப்போகும் தொல்லை.

துவக்கியைத் தேடும் வழிகள் இரண்டு. பழைய வழி, வட்டின் முதற்பகுதியான 512 பைட்டைப் படிப்பது. யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய வழி, வட்டில் தனியே ஒதுக்கிய சிறு பகுதியிலுள்ள துவக்கிக் கோப்பைத் தேடுவது. ஒரு வழியில் நிறுவியதை மற்ற வழியில் தேடினால் கிடைக்காது. பண்டம் கிடங்கில்தான் இருக்கிறது. ஆளைத்தான் வேறு கதவுக்கு அனுப்பிவிட்டோம்.

யந்திரத்தை முடுக்கி டெலீட் விசையைத் தட்டி அமைப்புத் திரைக்குச் சென்றோம். (சில யந்திரங்களில் எஃப்2 விசை.) வட்டின் பெயர் பட்டியலில் இருந்தது, ஆகவே வட்டு சாகவில்லை. அத்திரையின் மூலையில் கடிகாரம் பல ஆண்டு பின்னுக்குக் கிடந்தது. மர்மம் அங்கேயே அவிழ்ந்தது. தாய்ப்பலகையில் காசு வடிவில் 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு, சி.ஆர்.2032 என்பார்கள். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும், பழைய பலகைகள் பலவற்றில் அமைப்புகளையும் காப்பது அதுவே. அது தீர்ந்திருந்தது. மாலையில் பிரதான விசையை அணைத்துச் செல்வது அச்சங்கத்தின் வழக்கம், நல்ல வழக்கமே. அணைத்தவுடன் அமைப்பு பழைய வழிக்குத் திரும்பிவிடும். முன்பிருந்த விண்டோஸ் பழைய வழியில் நிறுவப்பட்டிருந்ததால் குறை வெளிப்படவில்லை. புதியது வந்ததும் வெளிப்பட்டது. கலத்தை மாற்றி, வழியைத் திருத்தி, நேரத்தையும் சரிசெய்தோம். செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கிற்று.

இதே அறிகுறிக்கு வேறு காரணங்களும் உண்டு. செருகிய பென் டிரைவை எடுக்க மறந்தால் யந்திரம் அதிலேயே தேடி நிற்கக்கூடும். பழுதுபார்க்கையில் வட்டின் கம்பி தளர்ந்திருக்கலாம். செக்யூர் பூட் என்னும் காவல், கையொப்பமில்லாத துவக்கியை உள்ளே விடாது. இரு வட்டுள்ள யந்திரத்தில் துவக்கி ஒன்றிலும் இயங்குதளம் மற்றொன்றிலும் அமைந்துவிட்டால், ஒன்றைக் கழற்றியதும் இரண்டும் பயனற்றுப்போகும்.

எதுவாயினும், சீர்செய்யுமுன் கோப்புகளை வெளியே எடுங்கள். லினக்ஸ் பென் டிரைவிலிருந்து, நிறுவாமல் ‘முயன்று பார்’ என்ற வழியைத் தேர்ந்து யந்திரத்தைத் திறக்கலாம். வட்டிலுள்ளவற்றை வேறொரு வட்டுக்கு நகலெடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு போட்ட வட்டாயின் 48 இலக்க மீட்பு எண் இன்றித் திறவாது. அவ்வெண்ணைத் தாளில் எழிதி இரும்புப் பெட்டியில் வைப்பதே முறை.

அச்சங்கத்தில் இதற்குக் காலங்கடந்துவிட்டது. முதல் நிறுவலின்போதே பங்குத்தொகைப் பட்டியல் இருந்த பகுதி அழிந்து, அதன்மேல் புதியது எழுதப்பட்டிருந்தது. குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. முந்தைய ஆய்வில் ‘கணிப்பொறி இயங்குகிறது’ என்றெழுதிக் கையொப்பமிட்டோமே தவிர, நகல் எங்கே என்று கேட்டோமில்லை. இப்போது ஆய்வுக்குச் சென்றால் முதலில் அதைத்தான் கேட்கிறோம். நகலைத் திறந்தும் பார்க்கிறோம். செயலாளரும் எழுத்தரும் பழைய பேரேட்டைத் தூசு தட்டி, மூன்றாண்டுப் பதிவுகளை மாலைதோறும் மீண்டும் தட்டச்சு செய்து வருகின்றனர்.