மழை மாதச் சமையல்: தினமும் யோசிக்காமல் வாரத்துக்கு ஒருமுறை யோசிப்போம்

"இன்னைக்கு என்ன ஆணம்?"

காலையில் பசியாறி முடிப்பதற்குள் நம் வீடுகளில் எழுந்துவிடும் கேள்வி இது. கோடையில் இதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சிரமமில்லை. மீன்காரரின் குரல் தெருவில் கேட்கும். இல்லையென்றால் வாப்பா கடைத்தெருப் பக்கம் போய் ஏதாவது வாங்கி வந்துவிடுவார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் நிலைமை வேறு. காற்று எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையிலேயே நிற்கும். தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய் விலை ஏறிவிடும். அன்றாடக் கூலிக்கும் சிறு வியாபாரத்துக்கும் போகிறவர்களின் வருமானமோ அதே நாட்களில்தான் இறங்கும். பிள்ளைகளுக்குச் சளி, பெரியவர்களுக்கு மூட்டுவலி என்று அடுப்படி வேலையும் கூடிவிடும்.

என் சிறு வயதில் எங்கள் வீட்டில் ஏழு பேர். மழைக்காலத்தில் கிடைக்கும் கொஞ்ச மீனில் ஆறு துண்டுதான் தேறும். "எனக்கு மீன் வாடை பிடிக்கலை" என்று சொல்லிவிட்டு உம்மா புளியாணத்தை ஊற்றிச் சாப்பிடுவார்கள். பல வருடம் அதை நாங்கள் நம்பினோம். எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டுச் சட்டியில் துண்டுகளை நான் எண்ணிப் பார்த்த ஒரு நாளில்தான் உம்மாவுக்கு மீன் பிடிக்கும் என்பது விளங்கியது.

சகோதரிகளே, திட்டமில்லாத சமையலில் பற்றாக்குறை வந்தால் அது பெரும்பாலும் சமைத்தவரின் தட்டில்தான் போய் விழுகிறது. அது போக மிஞ்சுவது மளிகைக் கடை நோட்டில் கடனாக ஏறுகிறது. இரண்டையும் தடுக்க பெரிய செலவு தேவையில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, கால் மணி நேரம் உட்கார்ந்து யோசித்தால் போதும். எப்படி என்பதை ஐந்து பாடங்களாகப் பார்ப்போம்.

முதல் பாடம்: நாளுக்கு ஒரு வகை

பலர் வாரப் பட்டியல் எழுதி, மூன்றாம் நாளே அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். "திங்கள்கிழமை கத்தரிக்காய்" என்று எழுதியிருப்போம். அன்று கத்தரிக்காய் கிடைக்காது அல்லது விலை கட்டுப்படியாகாது. அதனால் குறிப்பிட்ட உணவை எழுதாமல் அதன் வகையை மட்டும் எழுதுங்கள். ஒரு மாதிரி:

வெள்ளி: இறைச்சி அல்லது கோழி
சனி: பருப்பும் கீரையும்
ஞாயிறு: முட்டை
திங்கள்: கொண்டைக்கடலை அல்லது பயறு
செவ்வாய்: காய்கறியும் கிழங்கும்
புதன்: மீன் அல்லது கருவாடு
வியாழன்: வீட்டில் மிச்சமிருப்பது

"பருப்பு நாள்" என்றால் பருப்பாணமாகவும் இருக்கலாம், தாளிச்சாவாகவும் இருக்கலாம், பாசிப்பருப்புக் கஞ்சியாகவும் இருக்கலாம். அன்றைக்குக் கைக்கு எது கிடைக்கிறதோ அதுதான். மீனுக்கு மட்டும் ஒரு சலுகை வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் நல்ல மீன் நியாயமான விலைக்கு வருகிறதோ, அன்றே மீன் நாள். அன்றைக்கு எழுதியிருந்த வகை புதன்கிழமைக்குப் போய்விடும். புதனன்றும் மீன் வராவிட்டால் கருவாடு இருக்கிறது.

கருவாட்டை மழைக்கு முன்பே நன்றாக வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சமைக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு குறையும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அப்போதும் அளவோடுதான் பரிமாற வேண்டும்.

இரண்டாம் பாடம்: விலை குறைவு, சத்து குறைவல்ல

மீனும் இறைச்சியும் இல்லாத நாளைச் "சும்மா சோறு" நாள் என்று நினைக்கிறோம். ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 10 கிராம். ஐந்து பேருக்கு 250 கிராம் கடலை ஊறப்போட்டால் ஆளுக்கு 50 கிராம் கிடைத்துவிடும். ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டையும் மாதம் தவறாமல் வாங்கி வைத்தால் வாரத்தில் இரண்டு நாள் ஆணத்தின் பெரும் செலவு அடங்கிவிடும்.

குளிர் மாதங்களில் மலிவாக வருவனவும் உண்டு. மார்கழி, தையில் மொச்சையும் அவரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சந்தைக்கு வரும். நம் பக்கத்தில் தை மாதம் பனங்கிழங்குக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் பாக்கெட் தின்பண்டம் கேட்கும் நேரத்தில் அவித்த கிழங்கைத் தட்டில் வைத்துப் பாருங்கள். நெல்லிக்காயும் மலிவாகக் கிடைக்கும். கீரை, பருப்பு, பயறு சமைக்கும் நாளில் நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் அவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதே சத்து வீணாகும். குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று சோற்றுக்குப் பின்னாலேயே தேநீர் போடாமல், ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். சோகை உள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: ஒரு வேலை, இரண்டு வேளை

அடுப்படியில் நிற்கும் நேரத்தையும் சிலிண்டரையும் மிச்சப்படுத்துவதற்குச் சில வழிகள்:

வெள்ளிக்கிழமை ஒரு கிலோ இறைச்சி வாங்கினால் முக்கால் கிலோவை அன்று சமையுங்கள். எலும்பும் கொஞ்சம் கறியுமாகக் கால் கிலோவைத் தனியே எடுத்து உறைபெட்டியில் வைத்தால் சனிக்கிழமைத் தாளிச்சா தயார்.

ஞாயிறு இரவு அரை கிலோ கடலையை ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரம் ஊறிய கடலை சீக்கிரம் வேகும். திங்களன்று மொத்தமாக அவித்து, பாதியை ஆணத்துக்கு எடுங்கள். மீதி ஆறியதும் குளிர்பெட்டிக்குள் போகட்டும். செவ்வாயன்று காய்கறியோடு சேரும், அல்லது மாலைச் சுண்டலாகும்.

இஞ்சி பூண்டு விழுதை வாரத்துக்கு ஒருமுறை அரைத்து, கொஞ்சம் உப்பும் எண்ணெயும் சேர்த்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். கரண்ட் இல்லாத காலையில் இதன் அருமை தெரியும்.

குளிரில் தோசை மாவு புளிக்க நேரமெடுக்கும். மாலையில் அரைப்பதை மதியமே அரைத்து, உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலந்து, அடுப்புக்குப் பக்கத்தில் மூடி வையுங்கள்.

நான்காம் பாடம்: மிச்சமும் எச்சரிக்கையும்

உணவை வீணாக்குவது நம் மார்க்கம் வெறுக்கும் செயல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். ஆனால் கெட்டுப்போனதைச் சாப்பிடுவது சிக்கனம் ஆகாது. ஒரு நாள் வயிற்றுப்போக்குக்கு ஆகும் மருந்துச் செலவில் ஒரு வாரத்துக் காய்கறி வாங்கிவிடலாம்.

வெளியே குளிராக இருக்கிறது, கெடாது என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்க் குளிர் உணவைக் காக்கும் குளிர் அல்ல. நெய்ச்சோறு, பிரியாணி, இறைச்சி, மீன் எதுவானாலும் சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். வெளியே வெகுநேரம் கிடந்த சோற்றில் உருவாகும் சில நச்சுகள் மறுபடி சூடாக்கினாலும் போகாது. எடுத்த உணவை நன்றாக ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். கரண்ட் போனால் குளிர்பெட்டியைத் திறக்காமல் வைத்திருங்கள். மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். குடிநீரைக் குமிழ் விட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் வயதானவர்களுக்குக் கேட்காமலே வெந்நீர் கொடுங்கள்.

ஐந்தாம் பாடம்: மூன்று நாள் பெட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டங்களில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. பாதைகள் துண்டிக்கப்பட்டன, கரண்ட் இல்லை, கடைகள் திறக்கவில்லை. கையில் பணம் இருந்தவர்களாலும் ஒன்றும் வாங்க முடியவில்லை.

அதனால் ஐப்பசிக்கு முன்பே ஒரு பெட்டி தயார் செய்வோம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு: அவல் ஒரு கிலோ, பொட்டுக்கடலை அரை கிலோ, வேர்க்கடலை அரை கிலோ, பேரீச்சம்பழம் அரை கிலோ, கருப்பட்டி அரை கிலோ, பால் பவுடர், உப்பு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, பெரியவர்களின் மருந்து. எல்லாம் அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியவை. தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் வீதம் 45 லிட்டர். எல்லாவற்றையும் மாடியிலோ பரணிலோ வையுங்கள். தரைத்தளத்தில் வைத்தால் முதலில் நனைவது அந்தப் பெட்டிதான். மழைக்காலம் முடிந்ததும் உணவுப் பொருளை எடுத்துச் சாப்பிட்டுவிடலாம், எதுவும் வீணாகாது.

வரப்போகும் வருடங்களில் ரமலானும் இந்தக் குளிர் மாதங்களுக்குள்தான் வருகிறது. பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆனாலும், 2027-இல் பிப்ரவரி முற்பகுதியிலும், 2029-இல் ஜனவரி நடுப்பகுதியிலும் நோன்பு தொடங்கும். 2030-இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என ஒரே ஆண்டில் இரண்டு ரமலான். மழையிலும் குளிரிலும் ஸஹர் நேரத்தில் எழுந்து, "என்ன செய்வது?" என்று யோசிக்கும் நிலை வராமலிருக்க இந்தப் பழக்கம் அப்போதும் கைகொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.

இந்த வாரப் பயிற்சி

வியாழக்கிழமை இஷாவுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏழு நாளையும் எழுதி, பக்கத்தில் வகையை எழுதுங்கள். என்ன இருக்கிறது, என்ன வாங்க வேண்டும் என்று பாருங்கள். பிறகு வேலையைப் பிரியுங்கள். ரேஷனுக்குப் போவது ஒருவர், கடலை ஊறப்போடுவது ஒருவர், பூண்டு உரிப்பது ஒருவர், தண்ணீர் காய்ச்சி நிரப்புவது ஒருவர். ஆண்பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. குடும்பத் தலைவர்களே, இந்தக் கால் மணி நேரம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒன்று. பரிமாறும் முன் சட்டியில் உள்ள துண்டுகளை எண்ணுங்கள். சமைத்தவருக்குரிய பங்கை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு, மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள். ஏழு பேருக்கு ஆறு துண்டுதான் இருக்கிறது என்றால் அதை உதிர்த்துப் புட்டாக்கி எல்லோருக்கும் பகிருங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். உம்மா வரும் நாட்களில் அவர்கள் கிண்ணத்தை என் மகள்தான் முதலில் எடுத்து வைக்கிறாள். மீன் வாடை பிடிக்கவில்லை என்று உம்மா இப்போதெல்லாம் சொல்வதில்லை.