அறுபதுக்கு முந்திய பத்து ஆண்டுகள்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

அரசாங்க உத்தியோகஸ்தருக்கு ஓய்வு பெறும் தேதி, அவர் வேலையில் சேர்ந்த நாளிலேயே பதிவேட்டில் ஏறிவிடுகிறது. நெசவாளருக்கும் விவசாயிக்கும் அத்தகைய தேதி கிடையாது. அவர்களுக்கு அதைக் குறிப்பது உடம்பே. நாற்பது வயதைக் கடந்ததும் வெள்ளெழுத்து வருகிறது. அறுந்த இழையைக் கண்டு பிணைக்க முன்னைவிட அதிக நேரம் பிடிக்கிறது. குழித்தறியில் மிதிபலகையை மிதித்து மிதித்து முழங்காலும் இடுப்பும் தளர்கின்றன. வயலில் தாமே செய்துவந்த வேலைக்குக் கூலியாள் வைக்க நேரிடுகிறது. வருமானம் ஒரே நாளில் நிற்பதில்லை. மாதம் நெய்யும் சேலைகளில் ஒன்று குறைகிறது; சில ஆண்டுகள் சென்று மற்றொன்று குறைகிறது. இவ்வாறு மெல்ல மெல்லக் குறைவதனாலேயே பலர் இதனைக் கவனிப்பதில்லை.

ஆகவே, ஐம்பது முதல் அறுபது வரையுள்ள பத்து ஆண்டுகளை ஒவ்வோர் அங்கத்தினரும் ஆயத்தக் காலமாகக் கருதுதல் வேண்டும். அக்காலத்தில் செய்யத்தக்கவை ஐந்து.

1. கணக்கு

முதலாவது, குடும்பச் செலவை மூன்று மாத காலம் நாள்தோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவது. அரிசி, பலசரக்கு, மின்சாரம், மருந்து, மொய் ஆகிய யாவும் தனித்தனியே வர வேண்டும். பின்னர், முதுமையில் நின்றுவிடும் செலவு எது, கூடும் செலவு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச் செலவு நின்றுவிடும். மருந்துச் செலவோ கூடும்.

கணவன், மனைவி இருவருக்கு மாதம் 10,000 ரூபாய் தேவை எனக் கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறினால், 12 ஆண்டுகளில் இதே வாழ்க்கைக்கு 20,000 ரூபாய் வேண்டியிருக்கும். இதனைக் கணக்கிட எளிய வழி ஒன்றுண்டு. 72 என்னும் எண்ணை வீதத்தால் வகுத்தால், தொகை இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறக்குறையக் கிடைக்கும். வட்டிக்கும் இவ்விதி பொருந்தும். பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர், பூட்டைத் திறக்காமலே அதன் மதிப்பை இழந்து வருகிறார்.

2. சேமிப்பு

ஒருவர் தமது 45-ஆவது வயதில் தொடங்கி மாதம் 500 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் சேமிக்கிறார். மற்றொருவர் 55-ஆவது வயதில் தொடங்கி மாதம் 1,500 ரூபாய் வீதம் 5 ஆண்டுகள் சேமிக்கிறார். இருவரும் செலுத்துவது 90,000 ரூபாயே. நூற்றுக்கு 7 வட்டியில் அறுபதாவது வயதில் முன்னவருக்குச் சுமார் 1,58,000 ரூபாயும், பின்னவருக்குச் சுமார் 1,07,000 ரூபாயும் கிடைக்கும். இடையிலுள்ள வித்தியாசம் காலத்தின் கூலியேயாகும்.

தமிழ்நாட்டின் கூட்டுறவு நெசவாளருக்குச் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் உண்டு. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் செலுத்த, மாநில அரசு 4 காசு சேர்க்கிறது. சங்கக் கணக்கில் ஏறாத கூலிக்கு இவ்விரண்டும் இல்லை என்பதை, சங்கத்துக்கு வெளியே நெய்து கொடுப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை உள்ளோரே சேரலாம். வருமான வரி செலுத்துவோருக்கு இடமில்லை. அறுபதுக்குப்பின் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாயும், 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாயும் செலுத்த வேண்டும். ஐந்து ஏக்கருக்கு மேற்படாத நிலமுடைய விவசாயிகளுக்கு 2019-இல் வந்த ஓய்வூதியத் திட்டத்திலும் வயது வரம்பு நாற்பதே. ஐம்பதில் நிற்பவருக்கு இக்கதவுகள் மூடிவிட்டன. ஆயினும், அவர் வீட்டு மகனுக்கும் மருமகளுக்கும் அவை திறந்தே இருக்கின்றன. தமக்குக் கிடைக்காததை அவர்களுக்குக் கிடைக்கச் செய்வதும் ஆயத்தத்தில் ஒரு பகுதியே.

வைப்புத் தொகையின் பாதுகாப்பையும் அறிதல் நன்று. கூட்டுறவு வங்கியில் ஒருவர் வைக்கும் தொகைக்கு, 2020 முதல், 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் வைக்கும் தொகைக்கு அக்காப்பீடு இல்லை. ஆகையால், பொதுப்பேரவைக்குச் சென்று தணிக்கை அறிக்கையை வாசிக்கச் செய்து கேட்பது அங்கத்தினருக்கு உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

3. கடனும் ஜாமீனும்

அறுபதைத் தாண்டி ஓடும் தவணை ஒன்றும் இருத்தலாகாது. ஐம்பத்தைந்தில் கல்யாணத்துக்கென்று பத்தாண்டுக் கடன் வாங்குபவர், தளர்ந்த கைகளால் அதனை அடைக்க வேண்டியவராகிறார். இருக்கும் கடன்களில் வட்டி மிகுந்ததை முதலில் தீர்ப்பதே முறை.

ஜாமீன் கையெழுத்தை வெறும் உபகாரமாகக் கருதுவோர் பலர். கடன் வாங்கியவர் தவறினால் ஜாமீன்தாரரும் கடனாளியாகவே நிற்பார். சங்கம் அவரிடமும் வசூலிக்கலாம். ஆயத்தக் காலத்தில் இருப்பவர் புதிய ஜாமீனுக்கு இணங்காதிருத்தலே விவேகம்.

4. தொழிலை மாற்றி அமைத்தல்

ஓய்வு என்பது சும்மா இருத்தலன்று. தறியில் அமர இயலாதவருக்கும் தார் சுற்றுதல், பாவு பிணைத்தல், இளைஞருக்குத் தொழில் பயிற்றுதல் போன்ற வேலைகள் உண்டு. பட்டுச் சேலையின் நுட்பம் அறிந்தவர் அதனைக் கற்றுக் கொடாமல் ஓய்ந்துவிட்டால், நஷ்டம் அவருக்கு மட்டுமன்று.

விவசாயி மரங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நெட்டை ரகத் தென்னை ஆறேழு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். ஐம்பதில் நட்டவருக்கு அறுபதுக்குள் பலன் தரும். நாற்று நடவு, களையெடுப்பு போன்ற இடையறாத பாடும் இல்லை. ஒட்டு மாவும் அத்தகையதே. ஆனால், கோடையில் நீர் நிற்கும் கிணறு உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பதில் நட்ட தேக்கு பேரனுக்கே பயன்படும். அதனைத் தமது முதுமை வருமானத்தில் சேர்த்து எண்ணலாகாது.

5. குடும்பம்

சங்கப் பதிவேடுகளைச் சோதிக்கும்போது, நியமனதாரர் பெயர் எழுத வேண்டிய இடம் பல பக்கங்களில் வெறுமையாகவே காணப்படுகிறது. அங்கத்தினர் காலமானபின், அவர் பங்குத் தொகையையும் வைப்பையும் பெற, மனைவி வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைய நேரிடுகிறது. ஒரு கையெழுத்து அந்த அலைச்சலைத் தவிர்த்திருக்கும். ஆயுள் முழுவதும் தார் சுற்றிக் கொடுத்த மனைவியின் பெயர் கூலிப் புத்தகத்தில் இல்லை. சேமிப்புக் கணக்கிலாவது அது இருக்கட்டும்.

சொத்தை எழுதிக் கொடுப்பதில் அவசரம் ஆகாது. உயில் எழுதினால், அது தமது காலத்துக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும், உயிருள்ளவரை மாற்றலாம். தானப் பத்திரமோ பதிவானவுடன் சொத்தைக் கைமாற்றிவிடும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆவது பிரிவின்படி, பேணிக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர் அதனை நிறைவேற்றத் தவறினால், பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமுண்டு. ஆகவே, அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் செய்ய வேண்டும். இதனைப் பிள்ளைகளின்மீது அவநம்பிக்கை என்று கொள்ள வேண்டியதில்லை. சகோதரர் இருவர் சேர்ந்து தொழில் நடத்தினாலும் கணக்கு எழுதுவதில்லையா?

அங்கத்தினர் இம்மாதமே செய்யத்தக்கது ஒன்று உண்டு. மனைவியையும் உடனழைத்துச் சங்க அலுவலகத்துக்குச் சென்று, தமது பங்கு, சேமிப்பு, கடன், ஜாமீன், நியமனம் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதி வாங்கி வருவாராக. ஆயத்தம் அந்தத் தாளிலிருந்தே தொடங்கும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

(1) உங்கள் குடும்பச் செலவில் அறுபதுக்குப்பின் நிற்பவை எவை, கூடுபவை எவை?

(2) உங்கள் கடன்களின் கடைசித் தவணையின்போது உங்களுக்கு என்ன வயதாகும்?

(3) நம் சங்கத்தில் நியமனதாரர் பெயர் எழுதாத அங்கத்தினர் எத்தனை பேர்? அதனைச் சரிசெய்யச் சங்கம் செய்யத்தக்கது யாது?